கரிக்கொட்டகையில் வைத்த பூட்ஸ்

பர்ன்லி,
3 அக்டோபர் 1994

என் அருமைக் கிழவா கிளிஃப்,

இங்கே நான் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று நர்ஸிடம் போனில் கேட்டால், "சாப்பிடுறார், முறைக்கிறார்" என்கிறாள். அப்படியானால் தேறிவருகிறாய் என்று அர்த்தம்.

பக்கவாதம் வந்து உன் பேச்சு போன நாளிலிருந்து நம் வீட்டில் ஒரு சண்டையிலும் நான் தோற்கவில்லை. இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் இப்படி எனக்கு வாய்த்ததே இல்லை. ஆனாலும் பதிலுக்குத் திட்ட ஆளில்லாமல் உருளைக்கிழங்கு மசியல் தொண்டையில் இறங்கமாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் நான் புத்தகத்தைப் பார்த்ததைவிட ஜன்னலைப் பார்த்ததுதான் அதிகம். பிழை இருந்தால் அந்த ஜன்னலைத் திட்டிக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமையோடு உன் லாரி கம்பெனி நோய்க்காலச் சம்பளத்தை நிறுத்திவிட்டது. இருபத்தெட்டு வாரம்தான் கொடுப்பார்களாம். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் நான் கொண்டுவருவது வாடகைக்குக்கூடக் காணாது. இனி உதவித்தொகை ஆபீஸ்தான் கதி. படிவம் கொடுத்திருக்கிறார்கள், ஜெபப்புத்தகம் கணக்காகத் தடி. புருஷன் பெண்டாட்டி ஒரே வீட்டில் இருந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மனுவாம், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். நீ போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சிலுவை போட்டிருக்கிறேன். இடது கையால் கோழி கிளறியதுபோல் கிளறினாலும் போதும், ஏற்றுக்கொள்வார்கள். சீக்கிரம் அனுப்பு.

அங்கே கடல் தெரிகிறதாமே. எனக்குத் தெரிவது பக்கத்து வீட்டு ஹில்டாவின் துணிக்கொடிதான். நேரே வர மூன்று பஸ் மாற வேண்டும். கையில் காசு வந்ததும் முதல் வேலை அதுதான்.

உன் வாயாடி,
நார்மா


10 அக்டோபர் 1994

நார்மா,

இந்தக் கடிதத்துக்கு ஒரு முழு காலைப்பொழுது ஆயிற்று. இடது கை முட்டாள் கை.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை. முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டினேன். அந்த ஆபீஸ் கவுண்டர் முன்னால் ஒருநாளும் நின்றதில்லை. என் அப்பாவும் நின்றதில்லை. கிறிஸ்துமஸுக்குள் வண்டியில் ஏறிவிடுவேன். அதுவரை சமாளி.

கிளிஃப்


பர்ன்லி,
17 அக்டோபர் 1994

ராஜாதி ராஜா கிளிஃபுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வண்டியில் ஏறப் போகிறாயாம். "கட்டில்ல தானா ஏறட்டும் முதல்ல" என்கிறாள் உன் நர்ஸ். நான் சொல்லவில்லை, அவள்தான்.

உன் கௌரவத்தை நீயே வைத்துக்கொள். இங்கே காசு போடும் கேஸ் மீட்டரில் அதைப் போட்டுப் பார்த்தேன், கேஸ் வரவில்லை.

ஆனால் ஒன்றும் கவலைப்படாதே. ஆபீஸ் விஷயத்தை நானே முடித்துவிட்டேன். உன் கையெழுத்தே தேவைப்படவில்லை. எப்படி என்கிறாயா? உன்னை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டேன் என்று சொன்னேன். கவுண்டர் பெண்ணுக்கு என்மேல் ஒரே இரக்கம். சிரி, கிழவா. இப்போது எனக்கு அலமாரி முழுக்க இடம், கட்டில் முழுக்க இடம். ராணிபோல் இருக்கிறேன்.

பேச்சுப் பயிற்சியை ஒழுங்காகச் செய். முதல் வார்த்தை என் பெயராக இருக்கட்டும், வசவாக இருந்தாலும் சரி.

நார்மா


31 அக்டோபர் 1994

நார்மா,

ஆபீஸிலிருந்து பழுப்பு உறை வந்தது. நர்ஸ் படித்துக் காட்டினாள். அக்டோபர் 14 முதல் நாம் பிரிந்துவிட்டதாக நீ எழுதிக்கொடுத்தாயாம். வீட்டைச் சோதித்தார்களாம். ஆண் ஒருவர் வசிப்பதற்கான அடையாளம் எதுவும் இல்லை என்று அதில் எழுதியிருக்கிறது.

விளையாட்டாகச் சொன்னாய் என்று நினைத்திருந்தேன்.

இது உண்மைதானா என்று என்னிடம் கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். இதில் போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இங்கிருந்து அனுப்புகிறார்கள். ஃப்ளீட்வுட்டில் அக்கா டோரிஸ் வீட்டுக்குப் போகிறேன். நான் அங்கே வந்தால் நீ மாட்டிக்கொள்வாய்.

கிளிஃப்


பர்ன்லி,
3 நவம்பர் 1994

கிளிஃப்,

மேலே என்ன போடுவது என்று தெரியாமல் உன் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் கேலி கிடையாது. இருந்தால் அது பழக்கதோஷம், மன்னித்துவிடு.

நடந்தது இதுதான். நீ திருப்பி அனுப்பிய படிவத்தை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். துணைக்கு ஹில்டாவும் வந்தாள். "இன்னொரு கையெழுத்து எங்கம்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "அவரு ஆஸ்பத்திரியில இருக்காரு. போடமாட்டேங்கிறாரு" என்றேன். "ரெண்டு பேரும் போடலைன்னா இது செல்லாதும்மா" என்று திருப்பித் தள்ளினாள். ஹில்டா என் விலாவில் குத்தி, "தனியா இருக்கேன்னு எழுதுடி. ஆளு இப்ப வீட்டுல இருக்கானா? இல்லைல்ல. அப்புறம் இதுல என்னடி பொய்?" என்றாள். எனக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. வீட்டுச் சொந்தக்காரர் வாடகைக்கு இரண்டு தடவை வந்துவிட்டுப் போயிருந்தார். எழுதிவிட்டேன்.

அடுத்த வாரம் வீட்டைப் பார்க்க ஆள் வரும் என்றார்கள். அதற்கு முந்தின நாள் நான் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. உன் ரேஸரை ஒளித்தேன். பல் பிரஷ்ஷை, கம்பளித் தொப்பியை, டோமினோ போட்டியில் வாங்கிய கோப்பையை எடுத்து மூட்டை கட்டினேன். சட்டைகளை ஹில்டா வீட்டுக்குக் கொண்டுபோனேன். உன் பூட்ஸைக் கரிக்கொட்டகையில் வைத்தேன். அதைச் செய்யும்போது பாட்டு வேறு பாடிக்கொண்டிருந்தேன், கிளிஃப். இப்போது நினைத்தால் அந்தப் பாட்டுதான் காதில் அறைகிறது.

வந்த மனிதர் மரியாதைக்காரர்தான். டீ குடித்தார். அலமாரியைத் திறந்து பார்த்தார். உன் பெரிய டீக்கோப்பையை மட்டும் ஒளிக்க மறந்திருந்தேன். "ரெண்டு கோப்பை இருக்கே, இது யாருது?" என்றார். "ரெண்டும் எனக்குத்தான். எனக்கு ரெண்டு வாய்" என்றேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

உன்னிடம் அதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டால் மறைத்ததாக ஆகாது என்று நினைத்தேன். எல்லாவற்றையும் அப்படிச் சொல்லியே பிழைத்துவிட்டேன், இதுவும் அப்படியே போய்விடும் என்று.

உன் கடிதம் வந்த அன்றைக்கே ஆபீஸுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். "நாங்க பிரியலைம்மா. நான்தான் பொய் எழுதினேன்" என்றேன். அந்தப் பெண், "உங்க வீட்டுக்காரரே பிரிஞ்சிட்டோம்னு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காரே" என்று எடுத்துக் காட்டினாள். உன் இடது கைக் கிறுக்கல். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பணத்தை நிறுத்திவிட்டார்கள். கொடுத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்களாம். போலீஸுக்குப் போகவில்லை, அந்தவரைக்கும் நல்லது. புதிதாக ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள், தம்பதி என்று போட்டு. இதோடு வைத்திருக்கிறேன். இந்தத் தடவை பென்சில் சிலுவை போடவில்லை. உனக்குத் தெரியும் இடம்.

டோரிஸ் வீட்டில் படி செங்குத்து. பிடித்துக்கொண்டு ஏறு.

நார்மா


ஃப்ளீட்வுட்,
20 நவம்பர் 1994

நார்மா,

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அனுப்பிவை. வீடு கைவிட்டுப் போகக் கூடாது. முதலிலேயே போட்டிருக்க வேண்டும். அந்தத் தப்பு என்னுடையது.

ஆனால் நான் இங்கேயே இருக்கிறேன். கோபம் இல்லை. இருந்தால் போயிருக்கும். இருபத்தேழு வருஷம் இருந்த வீட்டில் ஒரு மனிதர் தேடிப் பார்த்து, நான் இருந்ததாகவே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார். அந்த வரியை டோரிஸை விட்டு மறுபடி படிக்கவைத்தேன். வேலை செய்ய முடியாதவன் அப்படித்தான் போலிருக்கிறது, ஒரு மத்தியானத்தில் எடுத்துவைத்துவிடலாம்.

இரண்டு மூன்று வார்த்தை பேச வருகிறது. உன் பெயர் இன்னும் வரவில்லை. "ந" கஷ்டம் என்கிறாள் பயிற்சிக்காரி.

கிளிஃப்


பர்ன்லி,
28 நவம்பர் 1994

என் கிளிஃப்,

படிவம் வந்தது. கையெழுத்து முன்னைக்கு இப்போது நேராக இருக்கிறது. சமையலறை மேஜையில் விரித்துவைத்து ரொம்ப நேரம் பார்த்தேன்.

அதை நான் அனுப்பவில்லை. கடிகாரத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.

நான்காம் பக்கத்தில், இருவரும் ஒரே வீட்டில் வாழ்கிறீர்களா என்று கேட்டிருக்கிறது. நீ அங்கே, நான் இங்கே. ஆம் என்று எழுதினால் அது முதலில் எழுதியதைவிடப் பெரிய பொய். அன்று பொய் காகிதத்தில் மட்டும்தான் இருந்தது. இல்லை என்று எழுத எனக்குக் கை வராது. அதனால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். வீட்டுச் சொந்தக்காரர் புதுவருஷம்வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் நாலு நாள் மதுக்கடையைக் கூட்டித் துடைக்கப் போகிறேன். அங்கே உன் டோமினோ கூட்டாளிகள் காலைத் தூக்கச் சொன்னால் தூக்குவதில்லை. உன்னை விசாரித்தார்கள். நான் துடைப்பத்தைத் தேடப் போய்விட்டேன்.

ஒரு மத்தியானத்தில் எடுத்துவைத்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். எடுத்துவைக்க ஒரு மத்தியானம்தான் ஆனது, உண்மை. திருப்பி வைக்க மூன்று நாள் ஆயிற்று. எது எங்கே இருந்தது என்று நினைத்துப் பார்த்துப் பார்த்து வைத்தேன். ரேஸர் பழைய இடத்தில் இருக்கிறது. தொப்பி ஆணியில். சட்டைகளை ஹில்டா வீட்டிலிருந்து வாங்கி வந்து மறுபடி துவைத்தேன், அவள் வீட்டு சோப்பு வாசனை வேண்டாம் என்று. அவளோடு பேசுகிறேன். அவள் எழுதச் சொன்னாள், அவ்வளவுதான். எழுதிய கை என்னுடையது.

பூட்ஸ்தான் கெட்டுப்போய்விட்டது. கொட்டகையில் ஈரம். இடது பூட்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது. மூன்று தரம் மெழுகு போட்டுத் தேய்த்தேன். ஒரு தழும்பு மட்டும் போகமாட்டேன் என்கிறது. போகாது என்றுதான் நினைக்கிறேன். வாசலில், நீ கழற்றிப்போடும் அதே இடத்தில், நான் தடுக்கி விழுந்து திட்டுவேனே அங்கேயே வைத்திருக்கிறேன்.

நீ வந்தால் அந்தக் கட்டத்தை நீயே நிரப்பு. வராவிட்டாலும் உன்னைக் குற்றம் சொல்லமாட்டேன். சாவி உன்னிடம் இருக்கிறது.

நேற்று தபால்காரர் கதவு வழியாகப் பார்த்துவிட்டு, "அட, கிளிஃப் வந்துட்டாரா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. இப்போதைக்கு பூட்ஸ் மட்டும்தான் வந்திருக்கு" என்றேன்.

நார்மா