உன் குரலுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்

அக்கா,

நேற்று இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தேன். உன் மகள் தர்ஷினி அடுத்த வாரம் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். ஒன்று அவளுடைய லேப்டாப்போடு போக, இன்னொன்று என் அலமாரியில் இருக்க. வீட்டுக்கு வந்து அட்டைப் பெட்டியைப் பிரித்தபோது புது பிளாஸ்டிக்கின் அந்த வாடை வந்தது. பிரித்தது பிரித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பத்து வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூர் பஸ்ஸில், ஜன்னலோரத்தில் நீ இதே மாதிரி ஒரு பெட்டியைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோய், “புதுச் செருப்பாட்ட வாடை அடிக்குதுடா தம்பி” என்றாய். உன் குரல் அப்போதே பாதி போயிருந்தது. பஸ் இரைச்சலில் உன் வாயருகே காதை வைத்துத்தான் அதைக் கேட்டேன்.

அதற்கு முன் மூன்று மாதமாக வெறும் தொண்டைக்கட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். சுக்கும் மிளகும் கொதிக்கவைத்துக் குடித்துப் பார்த்தாய். கடைசியில் டாக்டர், தொண்டையில் கட்டி இருக்கிறது, குரல்பெட்டியையே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார். ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. டாக்டர் முன்னால் நீ அழவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, “அவளுக்கு எட்டு வயசுதான்டா ஆவுது. இன்னும் எத்தனை திட்டு பாக்கி இருக்குது” என்றாய். சொல்லும்போதே உனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

பேசிப் பதிவு செய்து வைக்கலாம் என்று சொன்னது நான்தான். அப்போது நான் அகளியில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். அலுவலகம் கொடுத்த லேப்டாப் கையில் இருந்தது. போனிலேயே பேசி வைத்துவிடலாமே என்றும் சொன்னேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. “போன் இன்னைக்கு ஒன்னு, நாளைக்கு ஒன்னு. அவ கையில புடிச்சுப் பாக்கற மாதிரி ஒரு சாமான் வேணும்” என்றாய். அப்படித்தான் கோயம்புத்தூரில் அந்தக் கடைக்குப் போனோம்.

கடையில் கண்ணாடி போட்ட ஒரு நடுவயது அம்மா நின்றிருந்தார்.

“என்னங்க்கா போட்டு வெக்கப் போறீங்க? போட்டோங்களா, வீடியோங்களா?”

“பேச்சுங்க. என்ற பேச்சு.”

“எத்தனை மணி நேரம் வருமுங்க?”

“ரண்டு, மூனு மணி நேரம் வருமாட்ட இருக்குதுங்க.”

“அதுக்கெதுக்குங்க ஹார்ட் டிஸ்க்? ஒரு பென் டிரைவே போதுமுங்க” என்று சுண்டுவிரல் அளவில் ஒன்றை எடுத்துக் காட்டினார். உன் முகம் வாடிவிட்டது. “முப்பத்தாறு வருசம் பேசுன பேச்சுங்க. அத்தனூண்டு குச்சியிலயா போட்டு வெப்பாங்க?” என்று கேட்டாய். அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு உன் கழுத்தையும், நீ பேசுவதற்குப் படும் பாட்டையும் பார்த்தார். அதற்குமேல் அவர் பென் டிரைவைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை எடுத்துக் கண்ணாடி மேசையில் உன் முன்னால் வைத்தார்.

“இதுக்குள்ள ஒரு தட்டு சுத்துமுங்க. கீழ உழுந்தா கெட்டுப் போயிரும். இந்தச் சின்னதுல சுத்தறதுக்கு ஒன்னும் கெடையாது, உழுந்தாலும் தாங்கும். எதை வாங்குனாலும் ரண்டு எடத்துல போட்டு வெச்சுக்கோங்க. அது முக்கியமுங்க.”

“சுத்தாம எப்படிங்க ஞாபகம் வெச்சுக்கும்?” என்று நீ கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார். நீ இரண்டையும் இரண்டு கையில் வைத்துப் பார்த்தாய். பிறகு சின்னதைக் காட்டி என்னிடம், “உழுந்தாலும் ஒன்னும் ஆவாதுங்கறாங்கல்ல, இதையே வாங்கிக்கலாமாடா?” என்றாய்.

எல்லாம் தெரிந்தவன் மாதிரி நான் சொன்னேன்: “அதுல எடம் கம்மி, வெலையும் எச்சு. பெருசையே எடுத்துக்கலாங்க்கா. உழுகாம நான் பாத்துக்கறேன்.”

நீ உடனே சின்னதைக் கீழே வைத்துவிட்டாய். “செரி, நீ பாத்துக்குவ” என்றாய். ஒரு சந்தேகமும் இல்லாமல் சொன்னாய் அக்கா. நீ கொஞ்சம் முனகியிருந்தாலாவது இத்தனை வருடம் எனக்கு இத்தனை கனமாக இருந்திருக்காது.

முதலில் வாளையாரில், ரோட்டோரத்தில் இருக்கும் உன் வீட்டில் உட்கார்ந்து பேசிப் பார்த்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு லாரி ஹாரன் அடித்தது. ஒவ்வொரு முறையும் நீ பேச்சை நிறுத்திவிட்டு, “ஒருவேளை உங்க மச்சான் லாரியோ என்னமோ” என்று ரோட்டைப் பார்ப்பாய். சரிவராது என்று ஒரு சனிக்கிழமை காலையில் ஆனைகட்டி வழியாக அகளிக்குக் கூட்டிப்போனேன். என் வாடகை வீட்டில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, நாற்காலிமேல் லேப்டாப்பை வைத்து, நீ கட்டிலிலும் நான் தரையிலுமாக உட்கார்ந்தோம்.

இரண்டு நாளில் பதினொரு பதிவுகள். தனக்குத்தானே சடை பின்னிக்கொள்வது எப்படி. வயதுக்கு வந்தால் யாரிடம் முதலில் சொல்ல வேண்டும், எதற்குப் பயப்படக்கூடாது. லாரியிலிருந்து களைத்து வரும் அப்பாவின் கோபத்தை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் பிறந்த அன்று என்ன நடந்தது. ஒரு பதிவு முழுக்கத் திட்டு. வருங்காலத்தில் அவள் செய்யப்போகும் தப்புகளுக்கெல்லாம் சேர்த்து முன்கூட்டியே திட்டினாய். நடுநடுவே வெந்நீர் குடித்தாய். ஞாயிறு மத்தியானம் உன் குரல் மணலைத் தேய்ப்பது போலாகிவிட்டது.

பதினொன்றாவதுக்கு வந்தபோது, “எதை அமுக்கோணும்னு காட்டிட்டு நீ சித்தெ வெளிய போ” என்றாய். கதவைச் சாத்திக்கொண்டாய். நான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். நீ கதவைத் திறந்தபோது முகம் கழுவியிருந்தாய். “இதை நீ கேக்காத. அவளுக்குப் பதினெட்டு ஆவட்டும், அப்பறம் குடு.” நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றியபோது அதைத் திறக்காமலே ஏற்றினேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு நீ இரண்டு வருடம் இருந்தாய். கைதட்டிக் கூப்பிடுவாய், தர்ஷினிக்கு இரண்டு தட்டு, எனக்கு ஒன்று. மற்றதெல்லாம் நோட்டில் எழுதிக் காட்டினாய். ஒருநாள், உன் பேச்சைப் போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டேன். “எனக்கெதுக்கு? என்ன பேசுனேன்னு எனக்குத் தெரியுமே” என்று எழுதினாய். அந்த நோட்டில் எத்தனையோ பக்கம் காலியாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு சொன்னதை அதிலேயே இன்னொரு தடவை எழுதி வைத்திருக்கலாம். பத்திரமாக இருக்கிறது என்று நம்பினாய். என்னை நம்பினாய்.

நடுவில் எனக்குப் பாலக்காட்டுக்கு மாற்றல் வந்து, வாளையாரில் உன் வீட்டுக்கே வந்துவிட்டேன். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது என் சொந்த விஷயங்களையெல்லாம் அழித்தேன். உன் பதினொன்றும் அதில் போயின. கடைக்கார அம்மா இரண்டு இடத்தில் வைக்கச் சொன்னது நினைவில் இருந்தது. அடுத்த மாதம் இன்னொன்று வாங்கி ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த மாதம் உனக்கு மறுபடியும் கட்டி வந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தோம். பிறகு நீ இல்லை.

நீ போன ஐந்தாம் மாதம், அலமாரியின் மேல்தட்டிலிருந்து கம்பளியை இழுத்தேன். கூடவே அந்த ஹார்ட் டிஸ்க்கும் தரையில் விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. எடுத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். எந்தக் கம்ப்யூட்டரிலும் செருகிப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே என்ற பயம்தான்.

உன் முதல் திதி முடிந்த மறுநாள் தர்ஷினி வந்து, “மாமா, அம்மா பேசுனதப் போடுங்க” என்றாள். அதுவரை கேட்க மாட்டேன் என்றிருந்தவள். செருகினேன். உள்ளே டக், டக் என்று ஒரு சத்தம் வந்தது. வேறொன்றும் வரவில்லை. கழற்றிக் கழற்றி மாட்டினேன். அவள் காதை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, “அம்மா பேச மாட்டீங்கறாங்க மாமா” என்றாள்.

கெட்டுப்போனவற்றிலிருந்து மீட்டுக் கொடுப்பவர் ஒருவர் கோயம்புத்தூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே கொண்டுபோனேன். ஒரு மாதத்துக்கும் மேல் வைத்திருந்தார். “ஏழு கெடைச்சுதுங்க. பேரெல்லாம் போயிருச்சு, வெறும் நம்பர்தான் இருக்குது. நாலு வரலீங்க. எப்படியெல்லாமோ பாத்துட்டேன்” என்றார். அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏழையும் தர்ஷினி ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயர் வைத்தாள். ‘சடை’, ‘அப்பா கோவம்’, ‘நான் பொறந்தது’, ‘மொத்தத் திட்டு’. வராத நான்கில் மூன்றை, நான் எதிரில் உட்கார்ந்து கேட்டிருந்ததால், நினைவிலிருந்தபடி அவளிடம் சொன்னேன். நாலாவது எது என்று உனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லவில்லை. பத்துதான் இருந்தது என்று ஏழு வருடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவளுக்குப் பதினெட்டு ஆனது. கல்லூரியில் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் சொன்னேன். கடை, நான் கொடுத்த வாக்கு, அழித்தது, விழுந்தது, சாத்திய கதவு, எல்லாவற்றையும் சொன்னேன். வாளையாரில் இறங்கி எனக்கு முன்னால் வேகமாக நடந்து போய்விட்டாள். மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மச்சான் என்னவென்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றாள்.

நாலாம் நாள் காலை, நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

“எத்தனை நேரம் பேசுனாங்க?”

“பன்னெண்டு நிமிசம். ஏத்தறப்ப பாத்தேன்.”

“வாசல்லதான உக்காந்திருந்தீங்க? ஒன்னுமே கேக்கலியா?”

“வார்த்தை ஒன்னுங் கேக்கல கண்ணு. நடுவுல ஒருக்கா சிரிச்சா. அதுதான் கேட்டுச்சு.”

“சிரிச்சாங்களா? நெசமாவா?”

“வாய்விட்டே சிரிச்சா. தொண்டை வலிச்சு இருமுனா. இருமிட்டு மறுக்காவும் சிரிச்சா.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு சொன்னாள்: “மூனு நாளா, என்னமோ பயங்கரமா சொல்லியிருப்பாங்க, அதுதான் கதவச் சாத்திக்கிட்டாங்கன்னு நெனச்சுட்டே இருந்தேன் மாமா. சிரிச்சிருந்தாங்கன்னா அப்படி இருக்காதல்ல?”

இருக்காது என்றேன். எனக்கு அது தெரியாது அக்கா. ஆனாலும் சொன்னேன்.

என்னை அவள் மன்னித்தாளா என்று தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. உன் ஏழு பேச்சையும் இன்று காலை இரண்டு ஹார்ட் டிஸ்க்கிலும் ஏற்றி, அவள் முன்னால் ஒவ்வொன்றையும் போட்டுச் சரிபார்த்துக் கொடுத்தேன். அந்தச் சிரிப்பு மட்டும் எதிலும் இல்லை. அது என்னிடம்தான் இருக்கிறது. பையைக் கட்டும்போது அவள் அதை மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன்.