மோரில் போட்ட உப்பு

ஜூன் 3, திங்கள்
என் வீட்டுக்காரருக்கு அவர் கம்பெனி மெடிக்கலில் பிரஷர் 150/96. மாத்திரை எழுதிக் கொடுத்து, சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அடுத்த மாதமும் குறையாவிட்டால் வண்டி புதிதாக வந்த இசக்கிபாண்டிக்குத்தான். இத்தனை வருடம் ஓட்டியவர், இப்போது ஸ்டோரில் அட்டைப்பெட்டி அடுக்குகிறார். சாப்பிடும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் 5
எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை? எங்கள் ஃபேக்டரி லைனில் நான் பேக் செய்வதே பால் புரதத்தை உடைத்துச் செய்கிற பெப்டைடு பவுடர்! ரத்தக்குழாயைத் தளர்த்தி பிரஷரை இறக்குமாம். அங்கே லேபில் வேலை பார்க்கும் பெண் ஜெர்சி, “கொஞ்சந்தான் கொறையும்க்கா. மாத்திரைய வுட்டுடாதீங்க” என்றாள். ஓரம் ஒட்டாத பாக்கெட்டுகளை எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். எடுத்து வந்தேன்.

ஜூன் 6
பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். “இன்னாடி இது, வேப்பங்கொட்டைய அரைச்சு வெச்சிருக்கியா?”
நானும் நக்கிப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு கசப்பு.

ஜூன் 9
மோரில் கலக்கி, உப்பு, பெருங்காயம் தூக்கலாகப் போட்டேன். சத்தமில்லாமல் குடித்தார். இனி காலையும் இரவும் இதுதான். என் சாமர்த்தியம் யாருக்கு வரும்!

ஜூன் 20
மாத்திரை, மோர். இரண்டும் தவறவில்லை.

ஜூலை 1, திங்கள்
158/98. ஏறியிருக்கிறது!
“மாத்திரைய நிறுத்திட்டீங்களா?” என்று கத்திவிட்டேன். காலி மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். பாவம்.
அப்போ பவுடர் பொய்யா? இவ்ளோ நாளா இன்னாத்த பேக் பண்ணிக்கினு கீறேன் நான்?
சூப்பர்வைசரிடம் கெஞ்சி இரண்டு வாரம் தவணை வாங்கியிருக்கிறார்.

ஜூலை 2
ஜெர்சியிடம் சண்டைக்கே போனேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.
“எதுல கலந்து குடுக்குறீங்க?”
“மோர்ல.”
“உப்பு?”
“கசப்பு தெரியாத அளவுக்கு.”
தலையில் கை வைத்துக்கொண்டாள். “பவுடர் ஒரு பக்கம் எறக்குது, நீங்க ஒரு பக்கம் ஏத்துறீங்களேக்கா.”
வீட்டுக்கு வந்து உப்பு டப்பாவைத் திறந்தேன். போன வாரம்தான் நிரப்பினேன், அடியில் கிடக்கிறது. அழுகையாக வந்தது.

ஜூலை 3
உப்பில்லாத மோர். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். “ஊறுகாயாவது குடுடி.”
கொடுக்கவில்லை.

ஜூலை 15, திங்கள்
138/86. வண்டியைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள்.
எதனால் குறைந்தது என்று ஜெர்சியைக் கேட்டேன். “மாத்திரை, உப்பு, பவுடர். எது எவ்ளோன்னு யாருக்குத் தெரியும்? எதையும் மாத்தாதீங்க” என்றாள்.
ராத்திரி சாப்பாட்டில் ஒரே பேச்சு. லோடு எப்படி ஏற்றினார், இசக்கிபாண்டி எங்கே இடித்தான், எல்லாம். ரசத்தில் இன்று நான் உப்பே போடவில்லை. இரண்டாவது தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.