ரொட்டியை மூடிய துணி

உங்கள் வெள்ளைத் துணி இப்போது என் மடியில் இருக்கிறது. ஓரத்துக் குஞ்சம் ஒரு பக்கம் கழன்றுவிட்டது என்று காலையில் உங்கள் மகள் ரூத் கொண்டுவந்து தந்தாள். "நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள தைச்சுத் தருவீங்களோ, அன்ரி?" என்று கேட்டாள். நாளை வெள்ளி. தருவேன் என்றேன். கொன்வென்ற்றில் எனக்குத் தையல் சொல்லித்தந்த கன்னியாஸ்திரிகள் துணியின் பின்பக்கத்தைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பார்கள். நானும் திருப்பிப் பார்த்தேன். நேர்த்தி போதாது. முடிச்சுகள் தெரிகின்றன. நீங்கள் இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். "அது என்ர மாமியார் தைச்சது, தாராளமாச் சொல்லும்" என்று சிரித்திருப்பீர்கள்.

நாம் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம். ஆனால் உங்கள் குரல் எனக்குள் யாழ்ப்பாணத் தமிழிலேயே கேட்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன். திருத்துவதற்கு நீங்கள் இல்லை.

துணியின் நடுவில் வைன் கறை இருக்கிறது. தேசிக்காயும் உப்பும் போட்டுப் போக்கித் தருகிறேன் என்று எத்தனை முறை கேட்டிருப்பேன். "விடும், அது அங்கேயே இருக்கட்டும்" என்றீர்கள். அது விழுந்த இரவுக்கு வருவதற்கு முன், நான் முதன்முதலாக உங்கள் மேசைக்கு வந்ததைச் சொல்ல வேண்டும்.

ஒரே கட்டடத்தில் எதிரெதிர்க் கதவுகளில் குடியிருந்தும் அதுவரை நாம் லிப்ட்டில் வணக்கம் சொல்லும் அளவோடுதான் இருந்தோம். ரூத்தின் கல்யாணத்துக்கு என்னால் வர முடியவில்லை. கண் சத்திரசிகிச்சை செய்திருந்தேன். கல்யாணம் முடிந்து ஏழு நாளும் உங்களுக்கு விருந்து. ஒவ்வொரு நாள் மேசையிலும் அதுவரை வராத ஒரு புது முகம் இருக்க வேண்டும் என்பது உங்கள் யூத வழக்கம். அப்போதுதான் மணமக்களுக்குரிய ஆசீர்வாதத்தை முழுதாகச் சொல்லலாம். இதை விளக்கி, என்னையும் அழைத்தீர்கள்.

"அப்ப நானும் ஒரு புது முகமோ?" என்று கேட்டேன்.

"சட்டப்படி இல்லை. யூதராய் இருக்க வேணும். அதுக்கு வேற ஆள் வருது. நீர் எனக்குப் புது முகம். வாரும்."

கணக்கில் வராத இடத்துக்குப் போகும் பழக்கம் எனக்கில்லை. ஆனாலும் வந்தேன், வடையோடு. சுத்த சைவம் என்று பெருமையாகச் சொல்லி நீட்டினேன். நீங்கள் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, கதவுக்கு வெளியே கிடந்த கதிரையில் வைத்தீர்கள்.

"வடை சைவம்தான். தாச்சி? நேற்று அதில என்ன பொரிச்சனீர்?"

இறால். உங்கள் வேதம் விலக்கியது; அது பொரிந்த சட்டியும் விலக்குத்தான். வடைப் பெட்டியை நான் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே உங்களுக்கு விளங்கிவிட்டது. அன்று நீங்கள் சிரித்த சிரிப்பில்தான் நம்முடைய சிநேகம் தொடங்கியது. அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு நான் கொண்டுவந்ததெல்லாம் மாம்பழம். அதுவும் வெட்டாத மாம்பழம்.

ரூத்தும் அவள் கணவன் டானியலும் இதே கட்டடத்தில் கீழ்மாடியில் குடியேறினார்கள். வெள்ளிக்கிழமை இரவு, உங்கள் ஓய்வுநாள் தொடங்கியதும், மேலே உங்களிடம் சாப்பிட வருவார்கள். டானியலின் பழைய கூட்டாளிகளும் கூடவே வருவார்கள். நீங்கள் யாரையும் வரவேண்டாம் என்று சொன்னதில்லை. அவர்களில் தாடிக்காரன் ஒருவன், விவாகரத்தானவன், மேசைப் பேச்சை நடத்துபவன் அவன்தான். மனைவிமாரைப் பற்றிய பகிடிகள்தான் அவர்களுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி.

கறை விழுந்த அந்த இரவு ரூத் மருந்தகத்து வேலை முடிந்து பிந்தித்தான் வந்தாள். போன் அடித்தாலும் அவள் எடுப்பதில்லை என்று பேச்சுத் தொடங்கியது.

"நான் ரூத்தைக் கட்டினனோ, அவளின்ர வொய்ஸ்மெயிலைக் கட்டினனோ தெரியேல்லை" என்றான் டானியல்.

"அதுக்குச் சமைக்கத் தெரியுமோ?" தாடிக்காரன்.

"ரூத்தை விட நல்லாச் சமைக்கும்!"

மேசை அதிரச் சிரித்தார்கள். ரூத்தும் சிரித்தாள், வாயால் மட்டும். நீங்கள் எழுந்தீர்கள். கதிரை முதுகில் மடித்துப் போட்டிருந்த இந்தத் துணியை எடுத்து, ஏற்கனவே வெட்டிப் பரிமாறிக்கொண்டிருந்த ரொட்டியின் மேல் திரும்பவும் விரித்தீர்கள். உங்கள் சட்டைக் கை பட்டு டானியலின் வைன் கிண்ணம் துணியின் மேல் கவிழ்ந்தது.

"ரொட்டி கேக்கக் கூடாத கதையள் நடக்குது. மூடி விடுவம்."

சிரிப்பு அறுந்துபோனது. என்னைத் தவிர எல்லோருக்கும் விளங்கியது. வாசலில் விடைபெறும்போது எனக்குச் சொன்னீர்கள்: "முதல் ஆசீர்வாதம் வைனுக்கு. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் ரொட்டிக்கு வெக்கமாப் போயிடும் எண்டுதான் அதுவரைக்கும் மூடி வைக்கிறம். மாவுக்கே இவ்வளவு மரியாதை இருக்கிற மேசையில என்ர பிள்ளைக்கு ஏன் இல்லை?"

ஒருமுறை துணி போட்டால் ஒரு கல்யாணம் சீராகிவிடாது. அடுத்த கிழமை, கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் ரூத் என்னிடம் சொன்னாள்: "அன்ரி, நான் தனியா இருக்க ஒரு இடம் பாக்கிறன். கூட்டாளிமாருக்கு முன்னால மட்டும் எண்டால் பொறுத்துக்கொள்ளுவன். இப்ப ஆக்கள் இல்லாத நேரத்திலயும் அந்தக் குரலிலதான் கதைக்கிறார். நானும் சும்மா இல்லை, வேலையிடத்தில சாப்பாட்டு நேரம் முழுக்க அவரைத்தான் கிழிக்கிறன். அம்மாட்டச் சொல்லாதேங்கோ."

உடுப்பு காய்வதற்கு முன் உங்களிடம் வந்து சொன்னேன். ஒருவருக்கும் உதவாத இரகசியத்தை நான் காப்பதில்லை. ரூத் சில நாட்கள் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை.

நீங்கள் அழவில்லை. பிளேன் ரீயை ஆறவிட்டுக்கொண்டு யோசித்தீர்கள். "அவங்கள் கெட்ட பிள்ளையள் இல்லை. ஆனா அந்தக் கூட்டத்தில மனிசியைக் குறை சொன்னால்தான் இருக்கக் கதிரை கிடைக்கும். புதுசாக் கட்டினவனை ஒரு வருசத்துக்குப் படைக்குக் கூட அனுப்பக் கூடாது, வீட்டில இருந்து மனிசியைச் சந்தோசப்படுத்த வேணும் எண்டு எங்கட வேதத்தில இருக்கு. படைக்கே அனுப்பக் கூடாதவனை நான் இவங்களிட்ட அனுப்பிப்போட்டன்."

பிறகு ஒரு படைத் தளபதியைப் போலவே வேலை செய்தீர்கள். கூட்டாளிகளுக்கு மாதத்தில் ஒரு வெள்ளி மட்டும் என்று அவர்களிடமே சொல்லிவிட்டீர்கள். மற்ற வெள்ளிகளில் நீங்கள் தேர்ந்த ஆட்கள். சப்பாத்துக் கடை வைத்திருந்த கிழவரும் மனைவியும் வந்தார்கள். அரசியலில் இருந்து உப்பு வரை எதிலும் ஒத்துப்போகாதவர்கள், ஆனால் ஒருவரையொருவர் இளக்காரமாகப் பேசாதவர்கள். அடுத்தது நான்.

"நான் விதவை. என்னிட்ட அதுகள் என்ன படிக்கிறது?" என்று கேட்டேன்.

"இல்லாத மனிசனை நீர் இன்னும் விட்டுக்குடுக்கேல்லை. அதை அதுகள் பாக்க வேணும்."

ஆகவே என் கணவரைப் பற்றிப் பேசினேன். நாங்கள் முன்பு குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் சின்ன அப்பார்ட்மென்ரில் சனிக்கிழமைகளில் சீட்டாட வரும் சிநேகிதர்களிடம், "எங்கட ஆங்கிலக் கடிதமெல்லாம் என்ர மனிசிதான் எழுதிறவ" என்று அவர் மார்தட்டுவார். அவர்கள் போய்க் கதவு மூடியதும், குழம்பில் புளி கூடிப்போச்சு என்பார். ஒரு நாளும் கதவு மூடுமுன் சொன்னதில்லை. டானியல் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். சில வெள்ளிகள் கழித்து ரூத் களைத்து உள்ளே வந்தபோது, அவன் எழுந்து போய் அவள் கோட்டை வாங்கிக் கொளுவினான். நீங்கள் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தீர்கள். நன்றாகவே நொந்தது.

அந்த முதல் வருடம் முடியும்வரை நீங்கள் இருக்கவில்லை. கல்யாணத்துக்கு ஏழு நாள் நிறைந்த வீடு, துக்கத்துக்கும் ஏழு நாள் நிறைந்தது. துக்கம் காப்பவர்களுக்குரிய தாழ்ந்த கதிரையில் ரூத் இருந்தாள். கடைசி நாள் தாடிக்காரன் டானியலின் தோளில் தட்டி, "வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லாரும் வாறம். பழையபடி" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நானும் வாறன்" என்றேன்.

என் மகள் வதனி, தான் குடியிருக்கும் பக்கத்து ஊரான விட்பியில் இருந்து போனில் ஏசினாள். "அம்மா, உவையின்ர குடும்பத்துக்குள்ள உங்களுக்கு என்ன வேலை?"

"ஒருத்தி தொடக்கின வேலை. பாதியில நிக்குது."

மாம்பழத்தோடு ரூத் வீட்டுக்குப் போனேன். மேசையில் உங்கள் மெழுகுதிரித் தண்டுகள், உங்கள் துணி. எல்லோரும் முதலில் அடக்கமாக உங்களைப் பற்றியே பேசினார்கள். பிறகு பாத்திரங்கள் கை மாறின, குரல்கள் உயர்ந்தன. கோழி கொஞ்சம் காய்ந்துபோயிருந்தது. அழுதுகொண்டு சமைத்தவள் அவள்.

"டானியல், வொய்ஸ்மெயில் இதை விட நல்லாச் சமைக்கும் எண்டெல்லோ சொன்னனீ?" என்றான் தாடிக்காரன்.

ரூத் தன் சாப்பாட்டுப் பீங்கானைப் பார்த்தாள். துணி எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அது என் மேசை அல்ல. கையை மடியில் அழுத்தி வைத்துக்கொண்டேன். வாழ்நாளில் அவ்வளவு கடினமாக நான் சும்மா இருந்ததில்லை.

டானியல் துணியை எடுத்தான். ரொட்டியை மூடினான். உங்களைப் போல விசுக்கென்று அல்ல, நான்கு மூலையையும் இழுத்து நேராக்கி மூடினான்.

"அது நான் சொன்னதுதான்" என்றான். "சொல்லியிருக்கக் கூடாது."

"சரி, அப்ப என்னத்தைக் கதைக்கிறது?" என்றான் தாடிக்காரன், உண்மையிலேயே தெரியாதவனாக.

"மாம்பழம் வெட்டத் தெரியுமோ, தம்பி? வாரும், காட்டித் தாறன்" என்றேன்.

ரூத் சிரித்துவிட்டாள். இந்த முறை கண்ணிலும் இருந்தது. அவள் இடம் தேடுவதை நிறுத்திவிட்டாள். கல்யாணத்தின் முதல் வருடமும் முடிந்துவிட்டது. நான் வெள்ளிகளில் போவதை நிறுத்தவில்லை.

போன ஞாயிறு விட்பியில் வதனி வீட்டில் விருந்து. மருமகன் ஆட்களுக்கு முன்னால், "வதனி கார் எடுத்தால் விட்பிச் சனம் முழுக்க வீட்டுக்குள்ள ஓடிடும்" என்றார். பெரிய குற்றம் இல்லை. இப்படித்தான் தொடங்கும் என்று எனக்குத் தெரியும். கை துடைக்கும் குசினித் துவாயை எடுத்து இடியப்பத் தட்டை மூடினேன்.

"என்ன மாமி, ஆறிடும் எண்டோ?"

"இல்லைத் தம்பி. இடியப்பம் கேக்கக் கூடாத கதை."

அவருக்கு விளங்கவில்லை. வதனிக்கு விளங்கியது. போனில் ஏசிக்கொண்டே உங்கள் கதை முழுவதையும் கேட்டவள் அவள். தலையைக் குனிந்து சிரித்தாள். மருமகனுக்கும் விளங்கும். நான் அங்கே அடிக்கடி போகிறவள்.

ஆனால் குசினித் துவாய் முறையல்ல. உங்கள் குஞ்சம் இன்றிரவு முடிந்துவிடும். கறையை விட்டிருக்கிறேன். வெள்ளைத் துணி வாங்கி வைத்திருக்கிறேன், இடியப்பத் தட்டை மூடும் அளவுக்கு. சனிக்கிழமை தொடங்குவேன். பின்பக்கத்தில் ஒரு முடிச்சுக்கூடத் தெரியாது.