கழுவிய கையும் பேசாத வாயும்

எருசலேம்,
செவ்வாய்க்கிழமை

இறைவன் துணை.

அன்பு மகள் ஹதாஸுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், ஒஸ்லோ குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் எங்களுக்குக் கவலை. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள்.

நேற்று மதியம் நீ போன் செய்தபோது நான் சாப்பிட உட்காரப் போகிற நேரம். மோதிரத்தைக் கழற்றி வைத்து, இரட்டைப்பிடிக் குவளையால் வலக்கையில் இரண்டு முறை, இடக்கையில் இரண்டு முறை ஊற்றி, துதி சொல்லித் துடைத்தும் ஆயிற்று. மணி அடித்தது, எடுத்தேன். "அப்பா, நான்தான்" என்கிறாய். நாலு மாதம் கழித்து உன் குரல்! நம் மதச் சட்டப்படி கழுவின பிறகு ரொட்டி வாயில் படும்வரை பேசக்கூடாதே, ம்ம், ம்ம் என்று முனகினேன். போன் ஒயர் மேசைவரை எட்டாது, ரொட்டியைக் கொண்டுவா என்று கையை ஆட்டினால் உன் அம்மா பால்கனியில் துணி உலர்த்துகிறாள். "இன்னும் கோபம் தீரலையாப்பா? ஒரு வார்த்தை பேச மாட்டீங்களா?" என்று நீ கேட்டது என் காதில் விழுந்தது. ரிசீவரை ஸ்டூலில் வைத்துவிட்டு ஓடி, ரொட்டிக்குரிய துதியைச் சொல்லி, ஒரு துண்டைக் கடித்து, வாய் நிறைய ரொட்டியோடு உன் பேரைக் கத்திக்கொண்டு வந்தேன், லைன் கட்டாகியிருந்தது. திரும்பக் கூப்பிட உன் நம்பரும் எங்களிடம் இல்லை.

அம்மா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "பேசியிருந்தா மிஞ்சிப்போனா இன்னொரு தடவை கழுவணும், குழாய்ல தண்ணியா வரல?" என்றாள். கீழ்வீட்டு மதகுரு ரபியும் அதையேதான் சொன்னார். அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நேற்று நான் பேசாததற்குச் சட்டத்தையாவது காட்டலாம். நீ விமானம் ஏறின அன்று என் கை காய்ந்துதான் இருந்தது, பேசத் தடை ஏதுமில்லை. அவ்வளவு தூரம் வேலைக்குப் போகாதே என்றதைக் கேட்கவில்லையே என்ற வீம்பில், வாசல்வரைகூட வராமல் உட்கார்ந்திருந்தேன். நீ பெட்டியோடு நின்று பார்த்துவிட்டுப் போனாய். தப்பு என்னுடையதுதான் கண்ணு.

கம்பளிக் கையுறை போடாமல் வெளியே போகாதே. வெள்ளி மாலை உன் தலையில் கை வைத்துச் சொல்லும் ஆசியை இங்கிருந்தே சொல்கிறேன், நன்றாக இரு. மறக்காமல் போன் செய், ஓய்வுநாள் மட்டும் வேண்டாம், அன்று போனைத் தொடமாட்டோம் என்பது உனக்கே தெரியும். மற்றபடி எந்த நேரமானாலும் சரி. கை கழுவியிருந்தாலும் முதலில் உன்னோடு பேசிவிட்டு மறுபடி கழுவிக்கொள்கிறேன். சாப்பாட்டு மேசையையும் போன் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டேன்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அப்பா நஃப்தாலி