தலைவர் வெளியே நின்ற கால்மணி நேரம்

கிழக்குக் கென்டக்கி,
ஏப்ரல் 2, 1968

அன்புத் தங்கை வெர்னாவுக்கு,

அக்கா ஓர்ஃபா எழுதுகிறேன். உன் அத்தான் ஆன்சலும் நானும் இங்கே இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அந்த வரியை விட்டுவிடுகிறேன். டெட்ராய்டில் நீயும் உன் வீட்டுக்காரரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். போன கோடையில் கலவரத்தில் உங்கள் ஊர் எரிந்தபோது ஜனாதிபதி படை அனுப்பினாரே, அவர்களெல்லாம் திரும்பிப் போய்விட்டார்கள் அல்லவா? அவர் அனுப்பும் படைகள் திரும்பிவருவது இப்போதெல்லாம் நிச்சயமில்லை என்பதால் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் அவர் பேசியதை நீயும் கேட்டிருப்பாய். மறுபடி தேர்தலில் நிற்கப் போவதில்லையாம். "அப்பாடா, ஒழிஞ்சான்" என்றார் ஆன்சல். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். எனக்கு வந்தது நிம்மதி இல்லை, ஆத்திரம். போர்முனையிலிருந்து பெட்டியில் வந்த என் பிள்ளை லானியை ஜனவரியில் அடக்கம் செய்த நாளிலிருந்து நவம்பர் மாதத் தேர்தலுக்காகத்தான் நான் எழுந்து தலை வாரிக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் அவருடைய கட்சிக்கே ஓட்டுப் போட்ட கையால், இந்த ஒரு தடவை அவருக்கு எதிராகக் குத்த வேண்டும் என்று இருந்தேன். என்னிடம் மிச்சம் இருந்தது அந்த ஓர் ஓட்டுதான். அதையும் வாங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அவரை நியாயமாகவே பேசுவோம். இந்த மலைப்பக்கம் வந்து நம்மைப் பார்த்தவர்கள் அதுவரை இரண்டே வகை. ஒருவர் நிலக்கரியை எடுத்துப் போக வந்தார், மற்றவர் ஆத்துமாவை. அறுபத்து நாலில் பக்கத்து மாவட்டத்துக்கு வந்து, வறுமையின் மேல் போர் தொடுக்கிறேன் என்று சொன்னவர் இவர்தான். சொன்னதோடு நிற்கவும் இல்லை. சாலை வந்தது. வேலையில்லாத அப்பாக்களுக்கு ஓடை சுத்தம் செய்கிற வேலை வந்தது. சின்னஞ்சிறுசுகளுக்குப் பாலும் படக்கதையும் பல் டாக்டரும் உள்ள பள்ளிக்கூடம் வந்தது. ஆன்சலின் நுரையீரலில் முப்பத்தெட்டு வருடக் கரித்தூள் இருக்கிறது. அதை டாக்டர் பார்ப்பதற்கு வயதானவர்களுக்கான மருத்துவ அட்டை வந்தது. அட்டை வந்த அன்று அதை வேதாகமத்துக்குள் வைத்தேன். ஆன்சல் உயிரோடு இருப்பது அவரால்தான் என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு வீட்டில் ஒன்றைக் கொடுத்தவருக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று அவர் நினைத்திருக்கலாம்.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். வரிசையாக எழுதினால்தான் எனக்கே விளங்குகிறது.

அறுபத்து நாலில் லானியை ராணுவத் தேர்வில் தேறவில்லை என்று தள்ளிவிட்டார்கள். எந்த எஞ்சினையும் பிரித்து மாட்டுகிற பிள்ளைதான். ஆனால் எழுத்துகள் அவனுக்கு அடங்கி நிற்காது. நான் புத்தகம் புத்தகமாகப் படித்ததற்கெல்லாம் ஈடாக அவன் படிக்காமல் இருந்தான். பிறகு அறுபத்தாறில் வாஷிங்டனில் ஒரு யோசனை பிறந்தது. தேர்வில் தோற்கும் ஏழைப் பிள்ளைகளையும் ராணுவத்தில் சேர்த்து முன்னேற்றலாம், இதுவும் வறுமை ஒழிப்புதான் என்றார்கள். தேர்ச்சிக்கான மதிப்பெண்ணை இறக்கினார்கள். ஓர் எழுத்தும் கூடுதலாகக் கற்காமல் லானி தேறிவிட்டான். வாழ்நாளில் அவன் தேறிய ஒரே தேர்வு அது. அன்று எங்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வந்தான்.

அடுத்து அவன் கோப்பு கட்டாய ராணுவ ஆள்சேர்ப்புக் குழுவின் மேசைக்கு வந்தது. யார் போர்முனைக்குப் போவது, யார் வீட்டில் இருப்பது என்பதை முடிவு செய்வது வாஷிங்டன் இல்லை, நம் ஊர்க்காரர்கள் மூன்று பேர். தலைவர் இரும்புக்கடை ஹோபர்ட் ஹால்கம். அடுத்தவர் டெல்மர் ஐசன். சவ அடக்கம் அவர் தொழில் என்பதால், அனுப்புகிற இடத்திலும் வாங்குகிற இடத்திலும் அவரே இருக்கிறார். மூன்றாமவர் காது கேளாத பழைய பள்ளி வாத்தியார். நான் குமாஸ்தா. மூவரும் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவர்கள். கோப்பில் உள்ளதை நான்தான் உரக்கப் படிக்க வேண்டும்.

அங்கே ஒரு விதி உண்டு. உறுப்பினரின் சொந்தக்காரன் கோப்பு வந்தால் அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். எல்லாரும் எல்லாருக்கும் மாமன் மச்சான் ஆன ஊரில் இது நாற்காலிப் போட்டி மாதிரி நடக்கும். ஓட்டே இல்லாத குமாஸ்தாவுக்கு அந்த விதி கிடையாது. ஆனால் லானியின் கோப்பை எடுத்ததும் ஹால்கம் என்னைப் பார்த்து, "ஏம்மா ஓர்ஃபா, சட்டப்படி நீ இருக்கலாம். ஆனா ஊர் வாய்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார்.

நான் எழுந்து போனேன், வெர்னா. தலையை நிமிர்த்திக்கொண்டு போனேன். நம் அப்பா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். நடைவழியில் கோக் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றேன். நாலு நிமிடத்தில் கூப்பிட்டார்கள். மூன்றுக்குப் பூஜ்யம், லானி போக வேண்டியது. ஆன்சலால் நாலு படி ஏற முடியாது, இந்தப் பிள்ளை இல்லாமல் வீடு ஓடாது என்று டாக்டர் எழுதி ஒட்டித் தந்த உறை கோப்பில் இருந்தது. ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. படிக்க வேண்டியவள் வெளியே கண்ணியமாக நின்றுகொண்டிருந்தாள்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மகனுக்குச் சலுகை கேட்டாள் என்று பெயர் வரும் என்று மூடிக்கொண்டேன். மேல்முறையீடு செய்யும்படி லானியிடம் சொன்னேன். பாஸான பையன் கேட்பானா? அழைப்பாணையை நானே தட்டச்சு செய்தேன். அதன் வாசகம் உனக்குத் தெரியாது. 'அமெரிக்க ஜனாதிபதியிடமிருந்து' என்று தொடங்கும், கீழே பெயர், அதற்குக் கீழே 'வணக்கம்'. ஜனாதிபதிக்காகக் கையெழுத்துப் போட்டது நான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஹால்கமின் மகன் ரான்டல் ஜனவரியில் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டான். மாணவனைப் படைக்குக் கூப்பிட மாட்டார்கள்; அந்தக் குடை போய்விட்டது. ஆகவே ஹால்கம் பையனைச் சின்னஞ்சிறுசுகளின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராகச் சேர்த்திருக்கிறார். இந்தப் பணிக்கு இவன் இன்றியமையாதவன் என்று கல்வி அதிகாரியிடம் கடிதமும் வாங்கியாயிற்று. ஜனாதிபதியின் ஒரு போரிலிருந்து தப்பிக்க அவருடைய இன்னொரு போரில் சேர்ந்துகொள்வது. கெட்டிக்காரத்தனம்தான்.

நேற்று ஹால்கம் என் மேசைக்கே வந்தார். "நான் வெளிய போயிடுவேன், விதி அப்படி. நீ படிக்கிற விதத்துலதான் இருக்கு ஓர்ஃபா. கொஞ்சம் அழுத்திப் படி" என்றார். நான் தலையாட்டினேன். போகும்போது திரும்பி, "லானி விஷயத்துல எங்க எல்லாருக்கும் மனசு கஷ்டம்தான். பூகூட அனுப்பினமே" என்றார். அனுப்பினார்கள். வெள்ளைக் கார்னேஷன். அட்டையில் லானியின் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் இதே ஹால்கம் நம் வாரப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் உள்ளது எனக்கு அரைகுறையாக நினைவிருக்கிறது. ஒரு கோப்பில் பொருத்தமான எந்தக் காகிதத்தையும் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதும் விதிதான். நாளை நூலகத்துக்குப் போகிறேன். கூட்டம் மே பதினாலாம் தேதி. பெரிய ஆள் கைக்கு எட்டாமல் போனார். இவர் எட்டுகிற தூரத்தில் இருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். இதை உன் வீட்டுக்காரருக்குக்கூடப் படித்துக் காட்டாதே.

மாறாத பாசமுள்ள அக்கா,
ஓர்ஃபா


மே 17, 1968

அன்பு வெர்னாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "அக்கா, வேண்டாம், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று எழுதியிருந்தாய். கர்த்தருக்கு இந்த வருடம் வேலை அதிகம். நான் கொஞ்சம் ஒத்தாசை செய்தேன்.

செவ்வாய்க்கிழமை ஏழாவது கோப்பாக ரான்டலுடையது வந்தது. ஹால்கம் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து, "நான் வெளிய இருக்கேன்பா, விதி விதிதான்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அவர் கேட்டுக்கொண்டபடி அழுத்திப் படித்தேன். கல்வி அதிகாரியின் கடிதத்தில் காற்புள்ளியைக்கூட விடவில்லை. 'இந்தப் பணி நாட்டுக்கு இன்றியமையாதது' என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். பிறகு, கோப்பில் இன்னொரு காகிதமும் இருக்கிறது என்று சொல்லி, பத்திரிகைக் கடிதத்தின் நகலை எடுத்தேன்.

'நாலு வயதுப் பிள்ளைக்குப் பால் ஊற்றிக் கதை சொல்ல அரசாங்க ஆள் எதற்கு? இது வேலையே அல்ல. உடம்பில் தெம்புள்ள எந்த ஆண்பிள்ளையும் இந்த வேலைக்குப் போக வெட்கப்பட வேண்டும். நாடு அழைத்தால் போர்முனைக்குப் போவதே ஆண்பிள்ளைக்கு அழகு.'

ஐசன் நிமிர்ந்தார். "யாரு எழுதினது இது?"

கீழே கையெழுத்து ஹோபர்ட் ஹால்கம், இரும்புக்கடை என்று இருக்கிறது என்றேன்.

தொழில் காரணமாகச் சிரிக்காமல் பழகிய மனிதர், மேசையில் குனிந்து தோள் குலுங்கச் சிரித்தார். வாத்தியார் காதில் கையை வைத்துக்கொண்டு, "என்னய்யா, என்ன சொல்றா?" என்றார். ஐசன் அவர் காதுக்குள் கத்தினார்: "வேலையே இல்லாத வேலைன்னு ஹோபர்ட்டே பேப்பர்ல போட்டிருக்கான்யா! ஆம்பளைன்னா சண்டைக்குப் போகணுமாம்!"

"அப்ப போகட்டுமே. அவன் அப்பனே சொன்னப்புறம் நமக்கென்ன?" என்றார் வாத்தியார். பாவம், அவருக்கு வேறு உள்நோக்கம் எதுவும் கிடையாது.

ஐசன் கையைத் தூக்குவதற்கு முன் என்னைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "லானியோட பெட்டியத் தெறக்க வேணாம்னு உன்கிட்ட சொன்னவன் நான்தானே ஓர்ஃபா. ஏன்னு நீ கேக்கவே இல்ல" என்றார். பிறகு கையைத் தூக்கினார். இரண்டுக்குப் பூஜ்யம், ரான்டல் போக வேண்டியது.

மொத்தம் கால்மணி நேரம் ஆகியிருக்கும். கதவைத் திறந்து, உள்ளே வரலாம் ஐயா என்று மரியாதையாகக் கூப்பிட்டேன். ஹால்கமின் கையில் ஒரு கோக் பாட்டில் இருந்தது, ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பாட்டிலைக் கோப்புகளின் மேலேயே வைத்தார். அடுத்த கோப்பை நான் அவருக்காக வாய்விட்டு அறிவித்தேன்.

அன்று மாலை பீன்ஸும் சோளரொட்டியும் இரண்டு தட்டு சாப்பிட்டேன். ஜனவரிக்குப் பிறகு உப்பு உறைப்பு தெரிந்து சாப்பிட்டது அன்றுதான். உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. இனி அவரும் தபால்காரரின் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுப்பார். வாசலில் ராணுவக் கார் ஏதாவது மெதுவாகப் போனால் கையில் இருப்பதைக் கீழே போடுவார். ஒரு வருடம் முழுவதும் நான் செய்த வேலை அது. யாராவது அதை மேலே தொடர வேண்டும் அல்லவா?

நேற்று ரான்டல் அலுவலகத்துக்கு வந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தகுந்த பதில்களும் தயாராக இருந்தன. தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான். சட்டப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: மேல்முறையீடு செய்ய முப்பது நாள் இருக்கிறது. படிவத்தை நீட்டினேன்.

"எதுக்கும்மா? மேல போனாலும் அந்தக் கடிதாசியத்தானே படிப்பாங்க? அதுல எங்க அப்பா பேருல்ல இருக்கு" என்றான். படிவத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான், என் கை சும்மா நீண்டிருக்கக் கூடாது என்பதற்காக.

பிறகு சொன்னான்: "நான் ஒண்ணு கேக்கணும். மொதல்ல அப்பா சொல்லித்தான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பொய்யாத்தான் போனேன். இப்ப பத்தொம்பது பிள்ளைங்க இருக்கு. நான் போனா மூடிருவாங்க. வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் காலைல ஒரு மணி நேரம் வந்து கதை படிச்சுக் காட்டுவீங்களா? கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு அப்பா கேட்டாராம். ஒரு வார்த்தை முழுங்காம படிச்சீங்கன்னு சொன்னாரு."

வெர்னா, அவன் குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முகத்தை நன்றாகப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவன் நன்றி சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனான். மாடிப்படியில் அவன் காலடி கேட்டு முடியும்வரை தட்டச்சு இயந்திரத்தில் காகிதத்தைச் செருகிச் செருகி எடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் வருந்துகிறேன் என்று நினைத்துவிடாதே. ஹால்கம் நாளைக்கே இன்னொரு மகனைக் கொண்டுவந்தாலும் அதே கடிதத்தை அதே குரலில் படிப்பேன். முப்பது நாளுக்குள் அந்தப் படிவம் திரும்பி வந்தால் ஒழுங்காக மேலே அனுப்புவேன். வராவிட்டால் ஜூன் கடைசியில் நீதிமன்ற வாசலில் அவன் பேருந்து ஏறுவான். வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நேற்றிலிருந்து ஒன்று மட்டும் முடியவில்லை. முழங்கால் போட்டு உட்கார்ந்து அந்தப் பையனுக்காக ஜெபிக்கப் பார்க்கிறேன். ஹால்கம் என்ற பெயர் வந்ததும் நாக்கு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டிப் போனாலும், நான் கேட்பதை மேலே உள்ள கர்த்தர் நம்ப மாட்டார். செவ்வாய்க்கிழமை வரை அவரிடம் நான் கேட்டுக்கொண்டிருந்தது வேறு.

ஆகவே உன்னைக் கேட்கிறேன். உன் சபையில், உன் வாயால், அவனுக்காகக் கேள். தினமும் கேள். பெயர் ரான்டல் யூஜீன் ஹால்கம். வயது இருபத்திரண்டு. பழுப்பு முடி, சாம்பல் கண், ஐந்தடி பத்தங்குலம், இடது புருவத்தில் சின்னத் தழும்பு. கோப்பில் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன். அங்கே போர்முனையில் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆள் மாறிவிடக் கூடாது.

உன்னையே நம்பியிருக்கும்,
ஓர்ஃபா