பிச்சையம்மாள் அத்தை ஆடவில்லை

மார்க்கையன்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அபிதாவுக்கு அப்பா எழுதுவது. அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே அம்மா சுகம், முழங்கால் வலி மட்டும் விட்டுவிட்டு வருகிறது. நான் சுகமில்லை. காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை, கோபம். தாத்தாவை அடக்கம் செய்த நாளிலிருந்து இன்னும் ஆறவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்ததும் நீ சரிப்பா சரிப்பா என்று சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவாய். எனக்குச் சமாதானம் வேண்டாம், அதனால்தான் எழுதுகிறேன், கடைசிவரைக்கும் படி.

அன்றைக்குக் காலையில் நீ போன் செய்து என்ன சொன்னாய்? தொண்ணூத்தி நாலு வயசு, கொள்ளுப்பேரனையே பாத்துட்டாரு, இது கல்யாணச் சாவுப்பா, சிரிச்ச முகமா அனுப்பி வைங்க என்றாய். நீ மட்டுமா, வாசலில் செருப்பைக் கழற்றிய அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள். உன் மாமா, என் அக்கா வீட்டுக்காரர், தோளைப் பிடித்து உலுக்கி, என்ன மாப்ள சின்னப்புள்ளை கணக்கா அழுகுறீக, ஒங்கய்யா வாழ்ந்த வாழ்வுக்கு வெடி போட்டுல்ல அனுப்பணும் என்றார். வயதைச் சொல்லிச் சொல்லியே என் வாயை அடைத்தார்கள். அத்தனை காலம் ஒருத்தர் கூடவே இருந்துவிட்டுப் போனால் வலி குறைந்துவிடுமா, கூடத்தானே செய்யும்? விடிந்ததும் என் காதில் விழும் முதல் சத்தம் ஐயாவின் இருமல்தான், நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான். உனக்கு அவர் லீவுக்கு வந்தால் பார்க்கிற தாத்தா. எனக்கு அப்படியா?

உன் தாத்தா சுருளியாண்டி என்றால் இந்த ஊரில் ஏன் எல்லாரும் எழுந்து நின்றார்கள் என்று நினைக்கிறாய்? வருசநாட்டிலிருந்து கட்டிய வேட்டியோடு வந்து, ஊரார் தோட்டத்தில் வாழைத்தார் சுமந்து சுமந்து சொந்தத் தோட்டம் வாங்கியதற்காக இல்லை. ஒரு சித்திரையில் சூறைக்காற்று அடித்து நம் வாழை அத்தனையும் படுத்துவிட்டது. நாங்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறோம், அவர் பக்கத்துத் தோட்டத்துப் பிச்சையம்மாள் அத்தையின் வாழைக்கு முட்டுக் கொடுக்கப் போய்விட்டார். நமக்குத்தான் போச்சு, அவளுக்காவது நிக்கட்டும்ல என்றார். ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார், ஆனால் யாரையும் அழாதே என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்த அத்தையின் அப்பா போனபோது நீ பள்ளிக்கூடப் பிள்ளை. அவருக்கும் தொண்ணூறு இருக்கும். கொட்டும் வெடியும் தெருவே அதிர்ந்தது, அத்தை அழுவது அவருக்கே கேட்கவில்லை. உன் தாத்தா கூட்டத்துக்கு நடுவில் போய் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, ஏலே கொஞ்சம் நிப்பாட்டுங்கடா, பெத்த மக அழுது முடிக்கட்டும், பெறகு கொட்டிக்கிரலாம் என்றார். நின்றது. அத்தை வாய்விட்டு அழுதார். அதற்குப் பிறகு எந்தச் சாவு வீட்டிலும் அவர் கையைத் தூக்கினாலே போதும், நம் ஊர்க் கொட்டுக்காரர்கள் நிறுத்திவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு நடந்ததைப் பார். உன் சித்தப்பா மகன் விஜய்பாண்டி ஊர்க் கொட்டு வேண்டாம் என்று குமுளிப் பக்கமிருந்து செண்டை மேளம் இறக்கினான். வந்தவர்களுக்கு ஐயாவையும் தெரியாது, அவர் கையையும் தெரியாது. பயல்கள் சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு ஆடுகிறார்கள், பாதிப் பேர் கையில் போன். நான் ஐயாவின் தலைமாட்டில் குனிந்து ஐயா என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இதற்குமேல் அங்கே உட்கார்ந்து என்ன செய்ய, எழுந்துபோய்ப் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விஜய்பாண்டி எடுத்த வீடியோவை மறுநாள் நீ ஸ்டேட்டஸில் வைத்திருந்தாய். எங்க தாத்தா மாஸ் என்று எழுதி, பிச்சையம்மாள் அத்தை கையைத் தூக்கி ஆடுகிறார் என்று சிரிப்புப் பொம்மை வேறு. ஆத்தா, அவர் ஆடவில்லை. நாலு எட்டு நடப்பதே அவருக்குப் பெரும்பாடு. நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு கூட்டத்துக்குள் போய், கம்பைக் கீழே போட்டுவிட்டு, ஐயா தூக்குவாரே, அதே மாதிரி இரண்டு கையையும் தூக்கினார். கெழவியும் ஆட வந்துருச்சுடா என்று அந்தப் பயல்கள் விசில் அடித்து, அவரைச் சுற்றி நின்றுகொண்டு இன்னும் வேகமாக ஆடினார்கள். மறுநாள் வீட்டுக்கு வந்து, மகன் அழுகட்டும், நிப்பாட்டுங்கடான்னு தொண்டை கிழியக் கத்துனேன் தம்பி, எங்கப்பனுக்கு ஒங்கய்யா நிப்பாட்டுனாக, ஒங்கய்யாவுக்கு என்னால முடியலையே என்று சொல்லி அழுதுவிட்டுப் போனார்.

இவ்வளவுக்கும் பிறகு விஜய்பாண்டி வந்து, முப்பதாம் நாள் காரியத்துக்கும் செண்டை சொல்லிரவா பெரியப்பா என்று கேட்கிறான். கையில் இருந்த செம்பைத் தண்ணீரோடு எறிந்தேன். அவன்மேல் படவில்லை, அதுவும் ஒரு கோபம்.

திட்டி எழுதிவிட்டேன் என்று சாப்பிடாமல் இருக்காதே. நம் தெரு சுரேஷ்கண்ணன் அடுத்த வாரம் அங்கே திரும்புகிறான், அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுகிறாள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைய காலம் இருக்க வேண்டும், தாத்தா உங்களைப் பார்த்துக்கொள்வார். ஒன்று மட்டும் மறக்காதே. அந்த வீடியோவை அழித்துவிடாதே. சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருதடவை போட்டுப் பார். பிச்சையம்மாள் அத்தையின் வாயைப் பார். அவருக்குப் பின்னால், பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு வாயில் துண்டைத் திணித்தபடி ஒருத்தன் நிற்பான். அது நான்தான்.

உன் அப்பா,
சு. சின்னக்கருப்பு