நைனா சட்டை

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

இன்றும் குளியலறைச் சண்டை. எத்தனை வருடமாகக் கேட்கிறேன்! பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் கம்பெனியில் உலைக்கு முன்னால் வேகிறவன் காண்ட்ராக்ட் ஆள். ஃபேனுக்கடியில் நிற்பவன் பர்மனென்ட் ஆள். குளியலறை யாருக்கு? ஃபேனுக்கடியில் நிற்பவனுக்கு. கதவில் பித்தளைப் பூட்டு. சாவி சூப்பர்வைசர்களிடம்.

என் பெண்டாட்டி சாராளின் தம்பி யேசுதாஸும் அங்கே சூப்பர்வைசர்தான். ஷிஃப்ட் முடிந்ததும் பக்கத்தில் வந்து சாவியை என் கையில் திணித்தான்.

"மாமா, நீ மட்டும் போய் குளிச்சிட்டு வந்துரு. ஒருத்தனும் பாக்க மாட்டான்."

ஒருத்தனும் பார்க்கக் கூடாது என்றால் அதற்குப் பெயர் திருட்டு. நான் என்ன திருடனா? "எல்லாருக்கும் தொறந்தா குளிக்கிறேன். உன் தயவுல குளிக்க மாட்டேன்டா" என்று சாவியை அவன் பையிலேயே போட்டுவிட்டு, கருத்த சட்டையோடு வண்டியை எடுத்தேன். பொட்டலக் காகிதத்தைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். ஒரு வாத்தியார் தயவும் இல்லை. இனிமேலா ஒருத்தன் தயவில் குளிக்கப் போகிறேன்?

நேரே பள்ளிக்கூடம் போனேன். ஹெலனுக்கு மறுபடியும் வயிற்றுவலியாம். வாட்ச்மேன் உள்ளே பார்த்துக் கத்துகிறான்: "பாப்பா, உங்க தாத்தா வந்துகீறாரு!" ஐம்பத்தெட்டு வயதுக்காரனுக்கு ஐந்து வயதில் மகள் இருக்கக் கூடாது என்று எவன் சட்டம் போட்டான்? குழந்தை ஓடிவந்து என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "நைனா" என்றாள், அவன் காதில் விழும்படி. போதும்.

14 ஆகஸ்ட், புதன்

ராத்திரி ஹெலன் அலறினாள். கனவு கண்டு அழுவது போல இல்லை. எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து அலறுகிறாள். கூப்பிட்டால் கேட்கவில்லை. தொட்டால் உதைக்கிறாள். பெற்ற தாயையே தெரியவில்லை.

நான் விளக்கைப் போடு, தண்ணீர் தெளி என்று கத்திக்கொண்டிருந்தேன். சாராள் கொடியில் கிடந்த என் வேலைச் சட்டையை எடுத்துவந்து குழந்தையைச் சுற்றிவிட்டாள். அவர்கள் வீட்டு வழக்கமாம். பயந்த பிள்ளையை அப்பன் கழற்றிப் போட்ட சட்டையில் சுருட்டுவார்களாம்.

"தோச்ச சட்ட ஆவாது. வேர்வ இருக்கணும். அப்பன் பக்கத்துல கீறான்னு புள்ளைக்கி தெரியணும்."

கொஞ்ச நேரத்தில் குழந்தை அடங்கிவிட்டாள். சட்டைக் காலரை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே தூங்கினாள்.

எனக்குக் கர்வமாக இருந்தது. என் வேர்வைக்கு அந்த மதிப்பு கம்பெனியில் இல்லை, என் வீட்டில் இருக்கிறது.

17 ஆகஸ்ட், சனி

ஊர் முழுக்க டாக்டர்கள். பக்கத்து வீட்டு குணசுந்தரி கயிறு மந்திரித்துக் கட்டச் சொல்கிறாள். அதோடு விட்டாளா? "வயசு போன காலத்துல பெத்துக்கினா இப்டிதான், புள்ள நோஞ்சானா பூடும்" என்றாளாம். சாராள் பதிலுக்கு, "உன் ஊட்டுக்காரன் வயசுலதான் பெத்தான், உன் புள்ள இன்னா பயில்வானா?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். இந்தப் பாழாய்ப் போன வாரத்தில் நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

பாஸ்டர் வந்தார். வீட்டில் ஏதோ பாவம் அறிக்கையிடப்படாமல் இருக்கிறதாம். என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். ஐந்து வயதுக் குழந்தை ராத்திரியில் நடுங்குகிறது, இவர் என் கணக்கில் பாவம் தேடுகிறார். "உலையாண்ட வந்து ஒரு ஷிஃப்ட் நின்னு பாருங்க, நரகம் பாத்தா மாரி ஆவும்" என்றேன். ஜெபம் பண்ணாமலே போய்விட்டார்.

கிளினிக் டாக்டர் மூன்றாவது முறையாகப் பூச்சி மருந்தே எழுதினான். முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. குழந்தை வெளுத்துப் போயிருக்கிறாள், சுவரில் சுண்ணாம்பு சுரண்டித் தின்கிறாள், சொன்னேன். "பூச்சிதான், போங்க."

19 ஆகஸ்ட், திங்கள்

அலறல். சட்டை. தூக்கம்.

22 ஆகஸ்ட், வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் நாஷ்டாவுக்கு உட்கார்ந்த ஹெலன் இட்லியைக் கையில் வைத்தபடியே சாய்ந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. சாராள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் பார்த்துவிட்டு, சென்னைக்குப் போ என்று ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

அந்த அவசரத்திலும் சாராள் மறக்காமல் ஒன்றை எடுத்து வந்தாள். என் சட்டை.

23 ஆகஸ்ட், வெள்ளி

கண் விழித்தாள். என்னைத் தெரிகிறது. ஆனால் வார்த்தை வரவில்லை. நேற்று வரை வாய் ஓயாமல் பேசிய பிள்ளை. பேச்சு திரும்புமா? யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். கேட்டால், பார்க்கலாம், பார்க்கலாம். எதைப் பார்ப்பார்கள்?

25 ஆகஸ்ட், ஞாயிறு

இங்கே அருணா என்று ஒரு டாக்டரம்மா. சின்ன வயது. வந்ததுமே, "தாத்தா, கொஞ்சம் வெளிய இருங்க, அம்மா மட்டும் போதும்" என்றாள்.

"நான் தாத்தா இல்ல. அப்பன்."

வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். அவள் கோபப்படவில்லை. "சாரிங்கய்யா. அப்போ நீங்கதான் முக்கியம், உக்காருங்க" என்றாள். என்ன வேலை என்று கேட்டாள். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"வேல முடிஞ்சு அங்கேயே குளிச்சிட்டு வருவீங்களா?"

"இல்ல."

"அந்தத் துணியெல்லாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாராள் முந்திக்கொண்டாள். "ராத்திரி பயந்தா அவரு சட்டையிலதாம்மா சுத்தி வெப்பேன். அது இல்லாம தூங்கவே தூங்காது." கெட்டிக்காரத் தாய் என்று டாக்டரம்மா மெச்சுவாள் என நினைத்திருப்பாள். குழந்தையின் தலைக்கு அடியிலிருந்து சட்டையை உருவி நீட்டினாள்.

அருணா கையால் வாங்கவில்லை. இருங்கள் என்று சைகை காட்டி, கையுறை மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் பிடித்து பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டினாள். பிறகு குழந்தையின் கையையும் வாயையும் ஈரத் துணியால் துடைத்தாள். துணி கருத்தது.

எவனாவது என் சட்டையை அப்படிப் பிடித்திருந்தால் அறைந்திருப்பேன். அறையக் கை எழவில்லை.

30 ஆகஸ்ட், வெள்ளி

ரத்தத்தில் ஈயம். நிறைய. வலிப்பு, வயிற்றுவலி, வெளுப்பு எல்லாம் அதுதான் என்கிறாள். ராத்திரி அலறுவதும் அதனோடு சேர்ந்ததாக இருக்கலாமாம். மருந்து கொடுத்து வெளியேற்றலாம். இனிமேல் ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது.

"பேச்சு?" என்று கேட்டேன்.

"வரும்னு நம்பறேன். வீட்டுக்கு அந்தத் தூசி வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்கய்யா."

1 செப்டம்பர், ஞாயிறு

ஆஸ்பத்திரி படிக்கட்டில் வைத்து சாராளிடம் கத்திவிட்டேன். உன் வீட்டு வழக்கம், உன் வீட்டு வைத்தியம், குழந்தையை நீயே கட்டி வைத்தாய் என்றெல்லாம். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"வைத்தியம் என்து. சட்ட யாருது?"

படியிறங்கப் போனவனைக் குறுக்கே வந்து மறித்தாள்.

"என் தம்பி சாவி குடுத்தானே, மூஞ்சில அடிச்சா மாரி திருப்பிக் குடுத்தது யாரு? உனுக்கு ரோசம் பெருசு. இப்ப அந்த ரோசத்தக் கொணாந்து உன் பொண்ணுக்குப் போத்து!"

சொல்லிவிட்டு வார்டுக்குள் போய்விட்டாள். பொதட்டூர்பேட்டையில் அவளைப் பெண் பார்த்த நாளிலிருந்து என்னை எதிர்த்து இப்படிப் பேசியதில்லை.

நான் கேட்டது நியாயம். காண்ட்ராக்ட் ஆளுக்கும் தோல் இருக்கிறது, பிள்ளை இருக்கிறது. பூட்டிவைத்தவன்தான் குற்றவாளி. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். எவன் வந்து கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் குழந்தை சப்பியது என் காலரை.

4 செப்டம்பர், புதன்

வேலைக்குப் போனேன். வேறு வேலைக்கு யார் எடுப்பார்கள் என்னை? ஷிஃப்ட் முடிந்து யேசுதாஸ் முன்னால் போய் நின்றேன். பக்கத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். இருக்கட்டும்.

"சாவி குடு மச்சான்."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் வைத்துவிட்டு, "சீக்கிரம் வந்துரு மாமா, மேனேஜர் ரவுண்ட்ஸ் வருவான்" என்றான்.

குளித்தேன். தலையிலிருந்து கருப்பாக ஓடியது தண்ணீர். தேய்க்கத் தேய்க்க ஓடியது. இதையா தினமும் வீட்டுக்குச் சுமந்து போனேன்? வேலைத் துணியை அங்கேயே விட்டு, சாராள் மடித்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

வெளியே வந்து கதவைப் பூட்டவில்லை. உலையில் என்னோடு நிற்கும் பாக்கியநாதன் போய்க்கொண்டிருந்தான். கைக்குழந்தைக்காரன். "போய் குளிடா" என்றேன்.

"ஐயோ, நம்பளுக்கா? மெமோ குடுத்துருவாங்கண்ணே."

"உன் புள்ளைக்கி வலிப்பு வந்தா மெமோவயா காட்டுவ? போடா உள்ள!"

போனான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன். பிறகு வரிசையே நின்றது. பூட்டைக் கொண்டுபோய், உலைக் கசடு கொட்டும் மேட்டில் எறிந்தேன்.

5 செப்டம்பர், வியாழன்

மெமோ வந்தது. யேசுதாஸுக்கும் வந்தது. "இன்னா பேஜாரு மாமா உன்னோட" என்றான். முழுதாகக் கோபமில்லை. கதவுக்குப் புதுப் பூட்டு இன்னும் வரவில்லை. வந்தால் அதுவும் கசடு மேட்டுக்குத்தான்.

17 செப்டம்பர், செவ்வாய்

ஹெலன் வீட்டுக்கு வந்து மூன்றாவது நாள். மருந்து இன்னும் உண்டு, ரத்தம் இன்னும் எடுப்பார்கள். நேற்று ஒரு முறை அலறினாள், பழையபடி இல்லை, சீக்கிரம் அடங்கிவிட்டாள். பேச்சு வந்துவிட்டது. தத்தித் தத்தி வருகிறது, வருகிறது.

சாயந்திரம் குளித்துவிட்டு வந்தவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். முகர்ந்து பார்த்தாள். முகம் சுளித்தது.

"நீ நைனா மாரி இல்ல. சோப்பு மாரி கீற."

"சோப்பு நல்லதுடி கண்ணு."

"சட்ட குடு. நைனா சட்ட."

சாராள் அடுப்பண்டை திரும்பிக்கொண்டாள். சட்டை இல்லை, தொலைந்துவிட்டது என்றேன். அழுதாள். தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். வெகுநேரம் மூக்கால் தேடினாள், கழுத்தில், தோளில், உள்ளங்கையில். கடைசியில் என் காதுக்குப் பின்னால் மூக்கை வைத்து நிறுத்தினாள்.

"இங்க கொஞ்சம் கீது" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள். அப்படியே தூங்கிவிட்டாள்.

அவளைச் சாராள் மடியில் கிடத்திவிட்டு, எழுந்து போய், காதுக்குப் பின்னால் எரியும்வரை தேய்த்துக் கழுவினேன்.